இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன்

"ஏதாவது வரையுங்கள்" என்று யாராவது ஒரு தாளை நீட்டினால் நம்மில் முக்கால்வாசிப் பேர் என்ன வரைவோம் என்று எனக்குத் தெரியும். இரண்டு மலை, நடுவில் பாதி எழுந்த சூரியன், மலையிலிருந்து இறங்கி வருகிற ஓர் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் டிக் அடித்தது மாதிரி நாலு பறவை. நாலாம் வகுப்பில் கற்றது, நாற்பது வயதிலும் கை தானாகப் போட்டுவிடும். கலைவழி சிகிச்சைக்கு முதல்முறை போனபோது நானும் இதைத்தான் வரைந்தேன். இத்தனைக்கும் நான் மாயவரத்துக்காரன், எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மலையே கிடையாது.

அந்தப் படத்தை வைத்தே விஷயத்தைச் சொல்லப் பார்க்கிறேன். ஏனென்றால் ஆர்ட் தெரபி என்று யாரிடம் சொன்னாலும் "அய்யோ, எனக்கு வரையவே வராதே" என்பதுதான் முதல் பதிலாக வருகிறது. ஜுரத்துக்கு டாக்டரிடம் போகும்போது "எனக்கு நன்றாக இருமத் தெரியாதே" என்று யாரும் தயங்குவதில்லை, ஆனால் இங்கே மட்டும் திறமை இல்லையே என்று வாசலோடு திரும்பிவிடுகிறோம்.

கலைவழி சிகிச்சை என்பது இவ்வளவுதான்: அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு, வரைவது, களிமண் பிசைவது, எழுதுவது, பாடுவது, ஆடுவது, நடிப்பது என்று ஏதோ ஒரு வழியில் மனதில் கிடப்பதை வெளியே எடுத்து வைத்து, அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைப் பார்ப்பது. ஓவிய வகுப்பில் வாத்தியார் "நிழல் இந்தப் பக்கம் விழணும்" என்று திருத்துவார். இங்கே திருத்த யாருமில்லை. முடித்த கையோடு கிழித்துப் போட்டாலும் திட்ட மாட்டார்கள், கிழிக்கும்போது எப்படி இருந்தது என்று வேண்டுமானால் கேட்பார்கள்.

செஷன் எப்படி இருக்கும்? நான் போன இடத்தில் ஒரு நீள மேசை, பழைய செய்தித்தாள் விரிப்பு, ஆயில் பேஸ்டல், ஸ்கெட்ச் பேனா, ஒரு வாளியில் ஈரத்துணி போட்டு மூடிய களிமண். அவ்வளவுதான். வந்து உட்கார்ந்ததும் கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசுவார்கள். அப்புறம் ஒரு சின்ன வேலை தருவார்கள்: "இந்த வாரத்துக்கு ஒரு நிறம் கொடுங்கள்", "உங்கள் கோபத்துக்கு ஒரு உருவம் இருந்தால் எப்படி இருக்கும்", அல்லது வெறுமனே "தோன்றியதைப் போடுங்கள்". அரை மணி நேரம் போல யாரும் பேசாமல் வேலை நடக்கும், சிகிச்சையாளர் பக்கத்திலேயே இருப்பார், எட்டிப் பார்த்துக் கருத்து சொல்ல மாட்டார். கடைசியில் படத்தை இருவரும் பார்க்கிற மாதிரி தள்ளி வைத்துவிட்டுப் பேச்சு தொடங்கும்.

என் மலைப் படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி. "இந்த வீட்டுக்குள்ள எப்படிப் போறது?" பார்த்தால், கதவு வைக்க மறந்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே ஒரு பேனாவை எடுத்தேன், கதவு போடலாம் என்று. கை போகவில்லை. அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, ஊரில் வீடு பூட்டிக் கிடந்தது, சாவி என் அலமாரியில் இருந்தது, விற்பதா வேண்டாமா என்று தங்கை போன் செய்யும்போதெல்லாம் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இது எதையும் பேசுவதற்காக நான் அங்கே போகவில்லை. தூக்கம் வரவில்லை என்று போயிருந்தேன்.

கதவு இல்லாததற்கு ஆழ்ந்த அர்த்தம் இருந்ததா, இல்லை உண்மையிலேயே மறந்துதான் போனேனா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. புதிதாக வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதே இதுதான்: நல்ல சிகிச்சையாளர் படத்துக்குப் பலன் சொல்ல மாட்டார். கேள்விதான் கேட்பார், பதிலை நீங்கள்தான் தேட வேண்டும். கைரேகை பார்ப்பதுபோல "கறுப்பு போட்டால் மனச்சோர்வு, வேர் இல்லாமல் மரம் வரைந்தால் பாதுகாப்பின்மை" என்று பட்டியல் வைத்துக்கொண்டு படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் பயிற்சிப் பட்டறை ஒன்றில் அப்படி ஒருவர், வானம் முழுவதும் கறுப்பு அடித்திருந்த ஒரு பெண்ணிடம் பத்து நிமிஷம் துக்கத்தைப் பற்றிப் பேசினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னார், "சார், நீலத்தை அவங்க எடுத்துட்டாங்க."

சரி, இது ஏன் வேலை செய்கிறது? முழு விடை யாரிடமும் இல்லை. ஆனாலும் சில விஷயங்கள் ஓரளவு தெளிவாக இருக்கின்றன.

முதலாவது, தூரம். மனதுக்குள் இருக்கும்போது ஒரு பயத்துக்கு ஓரமும் கிடையாது, முடிவும் கிடையாது. தாளில் வந்ததும் அது ஒரு சாண் அகலம், இரண்டு சாண் நீளம். திருப்பி வைக்கலாம், மடிக்கலாம், மேலே வேறு நிறம் பூசலாம், மேசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். "என் பயம்" என்று சொல்வதற்கும் "அதோ அந்தப் பழுப்பு நிறக் கட்டி" என்று சொல்வதற்கும் நடுவில் மூச்சு விட இடம் கிடைக்கிறது.

இரண்டாவது, சொல் வராத இடங்கள். பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டால் பலருக்கும் வாய் அடைத்துவிடும். 1996-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சின்ன ஆய்வில், அப்படிப்பட்டவர்களுக்கு நேர்ந்ததை அவர்களுக்கே வாசித்துக் காட்டியபடி மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். பேச்சோடு தொடர்புடைய, ப்ரோக்கா பகுதி என்று சொல்கிற இடத்தில் செயல்பாடு குறைந்தது, காட்சியோடும் உணர்ச்சியோடும் சம்பந்தப்பட்ட இடங்களில் கூடியது. எட்டுப் பேரை வைத்துச் செய்த ஆய்வு, அதன் மேல் கோட்டை கட்ட முடியாது. ஆனால் "தொண்டைக்குள்ளேயே நிக்குது, வெளிய வரமாட்டேங்குது" என்று நம் ஆட்கள் காலங்காலமாகச் சொல்லி வருவது வெறும் பேச்சு வழக்கு இல்லை போலிருக்கிறது. சொல் வராதபோது காட்சியின் வழியாக, கையின் வழியாக முயன்று பார்க்கலாம் என்பது இதிலிருந்து வருகிற யோசனை.

மூன்றாவது, கைவேலையே தருகிற ஆசுவாசம். பூ தொடுப்பவர்களுக்கும் கோலம் போடுபவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டாம். 2016-இல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஜா கைமாலும் உடன் ஆய்வாளர்களும் 39 பேரை 45 நிமிடம் வரையவும் வெட்டி ஒட்டவும் களிமண் பிசையவும் விட்டு, முன்னும் பின்னும் எச்சிலை எடுத்து கார்ட்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். நாலில் மூன்று பேருக்கு அளவு குறைந்திருந்தது. நன்றாக வரையத் தெரிந்தவர்கள், கையில் ப்ரஷே பிடிக்காதவர்கள் என்று பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, வரையாமல் சும்மா உட்கார்ந்த குழு ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை, அதனால் இதையும் கொஞ்சம் சந்தேகத்தோடே எடுத்துக்கொள்ள வேண்டும். என்றாலும் "எனக்கு வரைய வராதே" கட்சிக்கு இது நல்ல செய்தி.

ஆர்ட் தெரபி என்ற பெயரை 1942-இல் வைத்தவர் அட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர். காசநோய்க்குச் சரியான மருந்தே இல்லாத காலம். 1938-இல் சஸ்ஸெக்ஸ் பக்கம் ஒரு சானடோரியத்தில் மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்தவர், பொழுது போகாமல் கட்டில் பக்கத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்திருக்கிறார். தனக்கு நல்லது செய்கிறது என்று தெரிந்ததும் மற்ற நோயாளிகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். போர் தொடங்கிக் காயம்பட்ட சிப்பாய்கள் வந்து சேர்ந்தபோது, அவர்கள் படங்களில் பூச்சாடிக்குப் பதிலாகத் தாங்கள் பார்த்துவிட்டு வந்த போர்க்களம் வர ஆரம்பித்தது.

எனக்குப் பிடித்த கதை பிரேசிலில் நடந்தது. நீஸி ட சில்வேரா, தன் மருத்துவ வகுப்பில் படித்த ஒரே பெண். மார்க்சியப் புத்தகங்கள் வைத்திருந்தார் என்று 1936-இல் சிறைக்குப் போனவர். 1944-இல் ரியோ டி ஜனேரோவில் ஒரு பெரிய மனநல மருத்துவமனைக்கு வேலைக்குத் திரும்பினால், ஷாக் கொடுக்கிற இயந்திரத்தின் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். அழுத்த மாட்டேன் என்றுவிட்டார். யாருக்கும் வேண்டாத ஒரு பிரிவுதான் கடைசியில் அவருக்கு வந்து சேர்ந்தது: நோயாளிகளைக் கூட்டவும் துடைக்கவும் வைத்துக்கொண்டு 'தொழில்வழி சிகிச்சை' என்று பெயர் மட்டும் மாட்டியிருந்த பிரிவு. அங்கே 1946-இல் துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு வண்ணமும் ப்ரஷும் கொடுத்தார். இப்படி வரை, அப்படி வரை என்று யாரும் சொல்லக் கூடாது, கூடவே பரிவோடு ஒருவர் இருந்தால் போதும் என்பது ஏற்பாடு. நாய்களும் பூனைகளும் கூட உள்ளே திரிந்தன, அவற்றைத் தன் சக சிகிச்சையாளர்கள் என்றே சொல்வார்.

அங்கே வரைந்தவர்களில் ஒருவர் ஃபெர்னாண்டோ தினிஸ். அம்மா தையல்காரி, பணக்கார வீடுகளில் வேலை, இவர்கள் குடியிருந்ததோ பல குடும்பங்கள் அடைந்து கிடந்த கட்டடம். அவருடைய தொடக்கப் படங்களில் பொருட்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. போகப் போக அதற்குள்ளிருந்து ஒரு தரை, ஒரு சுவர், ஒரு ஜன்னல் என்று பிரிந்து வந்து, ஒரு வீட்டின் உட்புறம் தெரிய ஆரம்பிக்கிறது. கதவில்லாத என் குடிசைக்கு அப்புறம் இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1952-இல் இந்தப் படங்களுக்காகவே ஒரு அருங்காட்சியகம் தொடங்கினார் நீஸி, இன்று அதில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. வட்ட வட்டமாக மண்டலம் போல் வந்த படங்களைப் புகைப்படம் எடுத்து, புகழ்பெற்ற சுவிஸ் உளவியலாளர் யுங்குக்கு அனுப்ப, அவர் பதில் எழுத, 1957-இல் ஸூரிக்கில் கண்காட்சி வரை போனது விஷயம்.

வரைவது ஒரு வழிதான். வாஷிங்டனில் ஒரு மனநல மருத்துவமனையில் மரியன் சேஸ் என்ற நடன ஆசிரியை, பேச்சே இல்லாமல் முடங்கியிருந்தவர்களோடு அசைவின் மூலம் பழகி அதை ஒரு துறையாக்கினார். வியன்னாவில் மொரேனோ என்ற மனநல மருத்துவர் நாடகத்தை எடுத்துக்கொண்டார்: நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு சொல்ல விட்டதைச் சொல்வது, பிறகு எழுந்து போய் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அப்பாவாகப் பதில் சொல்வது. படிக்கச் சிரிப்பாக இருக்கும். செய்து பாருங்கள், சிரிப்பு வராது.

எழுதுவதைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், வீட்டிலேயே செய்யக்கூடியது என்பதால். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இது. கல்லூரி மாணவர்கள் 46 பேர், நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம். ஒரு பகுதியினர் வாழ்க்கையில் தங்களை அதிகம் காயப்படுத்திய விஷயத்தை எழுத வேண்டும், மற்றவர்கள் தங்கியிருக்கும் அறை, போட்டிருக்கும் செருப்பு மாதிரி சாதாரண விஷயங்களை. நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதிய கையோடு மனம் கனத்துப்போனது, ரத்த அழுத்தமும் ஏறியது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் அவர்கள் உடம்பு சரியில்லை என்று மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. பிறகு நூற்றுக்கு மேல் ஆய்வுகள் வந்துவிட்டன. 2006-இல் 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பலன் இருக்கிறது, ஆனால் சிறியது என்று வந்தது. செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு என்பதால் அந்தச் சின்னப் பலனே எனக்குப் போதும்.

செய்ய நினைத்தால் இப்படிச் செய்யுங்கள்: போன் அடுத்த அறையில், கதவு சாத்தி, பதினைந்து நிமிடம் அலாரம். எழுத்துப்பிழை, ஒற்று எதுவும் பார்க்க வேண்டாம், எழுத விஷயம் தீர்ந்துவிட்டால் முன்பு எழுதியதையே திரும்ப எழுதலாம், பேனா நிற்கக் கூடாது. என்ன நடந்தது என்பதோடு நிறுத்தாமல் அப்போது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்றும் எழுதுங்கள். இது யாருக்கும் காட்டுவதற்கு இல்லை. முடித்ததும் கிழித்துக்கூடப் போடலாம், கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு அதுவே நல்லது. ஒரு விஷயத்தைத் தொட்டால் உடைந்துபோய்விடுவேன் என்று தோன்றினால் அதை எழுதாதீர்கள், அன்றைக்கு வேறு எதையாவது எழுதுங்கள். இது பென்னிபேக்கரே சொல்கிற விதி. துயரம் நடந்து சில நாட்களே ஆகியிருந்தாலும் அவசரம் வேண்டாம், முதலில் சாப்பாடு, தூக்கம், கூட ஒரு ஆள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று தோன்றினால், ஒரு சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒப்பாரி வைக்கிற பெண்கள் செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை. தெரிந்த மெட்டு, தெரிந்த அடிகள், அதற்குள் தன் அண்ணன் சீர் செய்யாததும், மாமியார் வீட்டில் பட்டதும், போன வருஷம் போன பிள்ளையும் வந்துவிடும். சுற்றி உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு கூட அழ ஆட்கள் உண்டு. ஒரு வடிவம், ஒரு துணை, தொடங்கவும் முடிக்கவும் ஒரு நேரம் என்று சிகிச்சை அறையில் இருக்கிற மூன்றும் அங்கே இருக்கின்றன. நகரத்து அடுக்குமாடியில் ஃப்ரீஸர் பெட்டியைச் சுற்றி எல்லோரும் மெதுவாகப் பேசிக்கொண்டு நிற்கும்போது, நாகரிகம் என்ற பெயரில் எதைக் கைவிட்டோம் என்று எனக்குத் தோன்றும். (அப்பாவுக்கு நானும் அழவில்லை, கேட்டரிங்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன்.)

இலங்கைத் தமிழர்கள் இந்தத் துறையில் நம்மைவிடப் பல ஆண்டுகள் முன்னே இருக்கிறார்கள், காரணம் சந்தோஷமானது இல்லை. மட்டக்களப்பில் 1996-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. கனடாக்காரரான போல் ஹோகன் என்ற கலைஞரும், உளவளத்துணையில் (அதாவது கவுன்சிலிங்கில்) பயிற்சி பெற்ற இயேசு சபைக் குருவானவர் போல் சற்குணநாயகமும் அதன் பின்னால் இருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் கிராமங்களிலிருந்து அழைத்து வந்து, மண்ணில் விளையாடவும் வரையவும் கதை சொல்லவும் நாடகம் போடவும் விட்டார்கள். "உனக்கு என்ன நடந்தது" என்று எந்தப் பிள்ளையையும் உட்கார வைத்து விசாரிப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம், க. சிதம்பரநாதன் போன்ற நாடகக்காரர்கள் போர்க்காலத்து மன நெருக்கடிகளை அரங்குக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே கவுன்சிலிங்குக்கு ஆற்றுப்படுத்தல் என்றும் ஒரு சொல் புழங்குகிறது. பாணனுக்கு வள்ளலிடம் போக வழி காட்டிய ஆற்றுப்படையின் அதே ஆறு, கூடவே புண் ஆறுவதும் காதில் விழுகிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல்.

இப்போது எச்சரிக்கைகள். இது எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. பிரிட்டனில் மனச்சிதைவு நோய் உள்ள 417 பேரை வைத்து நடத்தி 2012-இல் வெளியான பெரிய ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு குழுவாக ஆர்ட் தெரபியும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் கூடுதலாக எந்த முன்னேற்றமும் காணப்படவில்லை. பலர் செஷனுக்கு ஒழுங்காக வரவே இல்லை என்பதும் உண்மை. ஆகவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படம் வரைகிறேன் பேர்வழி என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கடையில் விற்கிற பெரியவர்களுக்கான கலரிங் புத்தகம் நல்ல பொழுதுபோக்கு, நானே இரண்டு வைத்திருக்கிறேன், ஆனால் அது சிகிச்சை ஆகாது, எதிரில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. இன்னொன்று, மூடி வைத்தது திறந்துகொள்ளும். களிமண்ணைப் பிசையும்போது எங்கிருந்தோ ஒரு பழைய விஷயம் மேலே வந்து நின்றால், அதை என்ன செய்வது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அதனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கே படித்தீர்கள், எத்தனை மாதப் பயிற்சி, உங்களுக்கு மேலே ஆலோசனை சொல்ல யார் இருக்கிறார்கள், நான் வரைந்த படம் யாரிடம் இருக்கும், என்னைக் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போடுவீர்களா. பிரிட்டனில் பதிவு செய்யாதவர் தன்னை ஆர்ட் தெரபிஸ்ட் என்று போட்டுக்கொள்ளவே சட்டம் விடாது. இங்கே அந்த அளவுக்கு இறுக்கம் இல்லை, வார இறுதிப் பட்டறை ஒன்றை முடித்துவிட்டு போர்டு மாட்டியவர்களும் உண்டு. நிலைமை கைமீறிப் போகிறது, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் படம், நோட்டு எல்லாம் அப்புறம். மனநல உதவி எண்கள் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, உடனே கூப்பிடுங்கள்.

மாயவரம் வீட்டை இன்னும் விற்கவில்லை. தங்கையும் நானும் போய் ஒரு நாள் பூராவும் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. தூக்கம் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. முதல் செஷனுக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஆயில் பேஸ்டல் கறை என்ன தேய்த்தாலும் போகாது.